சர்வீஸ் லிஃப்ட் அறிவிப்பு: எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"வீட்டு வேலைக்கு வருபவர்கள், டிரைவர்கள், டெலிவரி ஆட்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும், மீறினால் அபராதம்" என்று எல்லா பிளாக்கிலும் புதிதாக ஒட்டியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அபராதத்தை அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டின் மெயின்டனன்ஸ் பில்லில் சேர்ப்போம் என்கிறது உங்கள் சுற்றறிக்கை. அது கடைசியில் யாருடைய சம்பளத்தில் பிடிக்கப்படும் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த அறிவிப்பை எடுக்க வேண்டும், பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு வைக்க வேண்டும் என்று முன்பே தனியாக எழுதிக் கேட்டேன். "நோட் பண்ணிக்கிட்டோம் சார்" என்று பதில் வந்தது. சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெடுக வேறு பல குடியிருப்புகளிலும் இதே அறிவிப்பு தொங்குகிறது என்பதால், இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. காலையில் லிஃப்டில் நெரிசல். சுத்தம். பாதுகாப்பு.

நெரிசல் உண்மைதான். ஆனால் எட்டரை மணிக்கு மெயின் லிஃப்டை அடைத்துக்கொண்டு நிற்பவை ஸ்கூல் பைகளும் ஆபீஸ் பைகளும்தான். வேலைக்கு வருகிற பெண்கள் ஏழு மணிக்கே மாடி ஏறிவிடுகிறார்கள். பாதுகாப்பு என்றால், இரண்டு லிஃப்டிலும் கேமரா இருக்கிறது. கேட்டில் போட்டோ எடுத்து, ஆதார் நகல் வாங்கி, ஆப்பில் ஏற்றிய பிறகுதான் உள்ளே விடுகிறீர்கள். இத்தனைக்கும் மேல் ஒருவர் எந்த லிஃப்டில் ஏறுகிறார் என்பதால் யாருக்கு என்ன ஆபத்து என்று எனக்கு விளங்கவில்லை. சுத்தம் என்ற காரணத்தின் வரலாறு கொஞ்சம் சுவாரசியமானது. 2020இல் ஊரடங்கு தளர்ந்து அவர்களை மறுபடி உள்ளே விட்டபோது, தொற்று பரவாமல் இருக்கத் தற்காலிகமாக என்று சொல்லி வந்த ஏற்பாடு இது. அந்தத் தொற்று விமானம் ஏறி வந்தது. விமானத்தில் வந்து இறங்கியவர்கள் நம்மைப் போன்றவர்கள். இருந்தும் லிஃப்ட் மாற வேண்டியிருந்தது வேலைக்கு வருபவர்களுக்கு. தொற்று போய்விட்டது, ஏற்பாடு போகவில்லை. இப்போது அதற்கு அபராதமும் சேர்ந்திருக்கிறது.

ஆக மூன்று காரணங்களும் நிற்கவில்லை. ஆனாலும் இந்த விதி பலருக்கு இயல்பாகவே தோன்றுகிறது. அந்த இயல்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பேச வேண்டும். கல்லூரியில் சமூகவியல் நடத்திப் பிழைத்தவன் நான். பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான் என்று சலித்துக்கொள்பவர்கள் தயவுசெய்து இன்னும் இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி பிளாக்கில் நடந்ததை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவரை, வேட்டியும் ரப்பர் செருப்பும் கையில் மஞ்சள் பையுமாக நின்றதால், செக்யூரிட்டி சர்வீஸ் லிஃப்டுக்கு அனுப்பிவிட்டார். மகன் கொதித்துப்போய் எழுதினார். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், செக்யூரிட்டி மாற்றப்பட்டார். யோசித்துப் பாருங்கள், அந்த செக்யூரிட்டி செய்த தவறு என்ன? அவருக்கு யாருடைய வங்கிக் கணக்கும் தெரியாது. உடை, செருப்பு, பை, நிற்கிற விதம் இவற்றைப் பார்த்துத்தான் யார் எந்த லிஃப்ட் என்று முடிவு செய்ய முடியும். உங்கள் விதியை அவர் சரியாகவே நிறைவேற்றினார். அந்தப் பெரியவருக்கு ஊரில் எத்தனை ஏக்கர் நிலம் என்பதெல்லாம் லிஃப்ட் வாசலில் எடுபடவில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் நூறு வருஷத்துக்கு முன்பே வர்க்கம், அந்தஸ்து என்ற இரண்டையும் பிரித்துக் காட்டினார். 1920இல் அவர் இறந்த பிறகு அச்சான எழுத்துகளில் இது இருக்கிறது. வர்க்கம் என்பது சந்தையில் உங்கள் கையில் என்ன இருக்கிறது, அதை வைத்து வாழ்க்கையில் என்ன கிடைக்கும் என்பது. அந்தஸ்து என்பது மற்றவர்கள் உங்களுக்குத் தரும் மதிப்பு. வர்க்கம் சம்பளச் சீட்டில் தெரியும். அந்தஸ்து தெரிவது பழக்கவழக்கத்தில்: யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் முன்னால் நிற்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஆனால் ஒன்றல்ல. வெறும் பணம் சம்பாதித்தாலே மதிப்பும் வந்துவிடும் என்றால் அந்தஸ்து ஒழுங்கு வேரோடு ஆடிப்போகும், அதனால்தான் அந்தஸ்து உள்ளவர்கள் வேலி கட்டுகிறார்கள் என்றார் அவர். அந்த வேலி முற்றி, பிறப்பாலும் தீட்டாலும் அடைபட்டால் சாதி ஆகிறது என்றும் எழுதினார்.

இதை நம் இடத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே பொருந்துகிறது. இந்தக் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் ஒரு தலைமுறையில் மேலே வந்தவை. அப்பா நெசவோ விவசாயமோ, அல்லது ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்கோ. பிள்ளை இன்ஜினியரிங் படித்து, இருபது வருஷ ஹோம் லோனில் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை, நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் பணம் வந்த வேகத்தில் மதிப்பு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிடப் பெரிய காரில் போகிறார். கம்பெனியில் எந்த மாதம் என்ன மெயில் வருமோ தெரியாது. அந்தப் பதற்றத்தில், "நாம் எந்தப் பக்கம்" என்பதைத் தினமும் காலையில் உறுதி செய்து தரும் ஒரு கதவு இருந்தால் தெம்பாகத்தான் இருக்கும். பழைய பண்ணையார் வீட்டில் கொல்லைப்புற வழி இருந்தது. நாம் அதைச் செங்குத்தாகக் கட்டி, பதினாலு மாடிக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டுகிறோம்.

இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை என்பீர்கள். அறிவிப்பில் அந்தச் சொல் இல்லை, சரிதான். ஆனால் பாத்திரம் கழுவ, கழிவறை தேய்க்க, குப்பை எடுக்க யார் வருகிறார்கள், எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது சென்னையில் யாருக்கும் ரகசியமல்ல. அப்புறம் அவர்களுக்கென்று நாம் வைத்திருக்கும் தனித் தம்ளர், அவர்கள் உட்காரக்கூடாத சோபா, வீட்டிலிருக்கும் இரண்டு கழிவறைகளையும் அவர்கள் தேய்க்கலாம் ஆனால் பயன்படுத்தக் கூடாது என்ற ஏற்பாடு, இதெல்லாம் எந்த ஹைஜீன் புத்தகத்தில் வருகிறது?

அம்பேத்கர் 1936இல் சாதியைப் பற்றி எழுதும்போது, அது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது, அதிலும் ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்றார். நம் கேட்டுக்குள் அந்த அடுக்கைப் பார்க்கலாம். சமையலுக்கு வருபவர் பாத்திரம் கழுவுபவரோடு சேர்ந்து வர மாட்டார். பாத்திரம் கழுவுபவர் கழிவறை வேலையை ஏற்கமாட்டார். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் குப்பை வண்டிக்காரரிடமிருந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லிஃப்ட் வாசலில் நின்று "அந்தப் பக்கம் போம்மா" என்று விரட்டுகிற செக்யூரிட்டி, அஸ்ஸாமிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். அவருக்கும் அந்த லிஃப்ட் கிடையாது. ஆனால் விரட்டுகிற அதிகாரம் இருக்கிறது, அது அவருக்கு வருகிற சின்ன மரியாதை. ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர் இருக்கும்வரை மேலே உள்ளவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த அடுக்கில் நானும் இருக்கிறேன்: வாடகைக்காரன். எனக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை. கிளப் ஹவுஸ் புக்கிங்கில் ஓனர்களுக்குப் பிறகுதான் என் முறை வரும். "டெனன்ட்ஸ் வந்துட்டுப் போறவங்க" என்று உங்களில் ஒருவர் குரூப்பில் எழுதியதையும் படித்தேன். மனம் சுருக்கென்றது. அந்தச் சுருக்கின் பத்து மடங்கை ஒருவர் தினமும் ஏழு மணிக்கு விழுங்கிவிட்டு நம் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும். "எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவைக் குடும்பத்தில் ஒருத்தராகத்தான் பார்க்கிறோம். பத்து வருஷமாக இருக்கிறார். அவர் பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம்." நான் இதைப் பொய் என்று சொல்லவில்லை. பலர் மனதார உதவுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் செய்கிறார்கள், ஆண்களுக்குப் பாதி நேரம் வேலைக்கு வருபவரின் பெயரே தெரியாது. ஆனால் பத்து வருஷம் ஒரே சமையலறையில் நின்றதால் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள் என்று ஆகிவிடாது.

அமெரிக்காவில் ஜூடித் ராலின்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் 1980களில் பாஸ்டன் பகுதியில் பல வீடுகளில் வேலைக்காரப் பெண்ணாகவே சேர்ந்து வேலை செய்து ஆராய்ந்தார். ஒரு வீட்டில் எஜமானியும் மகனும் வெளியே கிளம்பும்போது, வீட்டில் யாருமே இல்லாதது போல ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் போனார்கள். குளிர்காலம். அவர் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, அவர் அங்கே இருப்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. இன்னொன்றும் அவர் கவனித்தார். எஜமானிகள் பழைய துணி தருவார்கள், ஆறுதல் சொல்வார்கள், ஆலோசனை சொல்வார்கள். இதெல்லாம் ஒரே திசையில்தான் போகும். வேலை செய்பவர் பதிலுக்கு எதுவும் தர முடியாது, தந்தால் முறை கெட்டுவிடும். தீபாவளிக்கு நாம் தரும் புடவையை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்? கவரை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவதைச் சொல்லவில்லை.

பழகினால் வெறுப்பு குறையும் என்பது உண்மைதானா என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் ஆராய்ந்து எழுதினார். குறையும், ஆனால் சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது என்பது அவர் முடிவு. அந்தப் பழக்கத்தில் இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒரு காரியம் வேண்டும், அதைச் சேர்ந்து செய்ய வேண்டும். நான்காவதுதான் உங்களுக்கு நான் எழுதக் காரணம்: அதிகாரத்தில் இருப்பவர்கள், சட்டமோ நிர்வாகமோ, அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். தனி வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கேட்டிலும் லிஃப்டிலும் வேறொரு பாடத்தை நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்தால் அவருடைய நல்ல குணம் அவர் வீட்டுக் கதவோடு நின்றுவிடும். ஏ பிளாக்கில் ஒரு அம்மா தன் வீட்டில் வேலை செய்பவரைத் தன்னோடு மெயின் லிஃப்டில் அழைத்து வந்ததற்கு உங்கள் அலுவலகத்திலிருந்து போன் போனது. அன்பாக இருப்பதற்கே அபராதம் போட்டால் யார்தான் இருப்பார்கள்?

சமமாக நின்று சேர்ந்து செய்த காலமும் நமக்கு இருந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, லிஃப்ட் இரண்டும் நின்றுவிட்டன, பள்ளிக்கரணை பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர். எல்லோரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்கினோம். செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் பால் பாக்கெட்டைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள், ஓனர்கள் கீழே வந்து அவர்களோடு சேர்ந்து மோட்டார் அறையில் தண்ணீர் இறைத்தார்கள். யாருக்கும் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

புரிதல் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். நம் வீட்டுக்கு வருபவருக்கு நம்மைப் பற்றித் தெரியாதது இல்லை. யாருக்குச் சர்க்கரை, எந்த மாத்திரை, யார் யாரோடு பேசுவதில்லை, மாதக் கடைசியில் ஃபிரிட்ஜில் என்ன இருக்கும் எல்லாம் தெரியும். நமக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? பலர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தது. ஆற்றோரமும் கால்வாயோரமும் குடியிருந்தவர்களை நகருக்குள்ளிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கியதும் அதே காலம்தான். அவர்களைக் கேட்டுக் குடியேற்றவில்லை. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நடந்து போகும் தூரத்தில் பார்த்த வீட்டு வேலை போய்விட்டது. அப்புறம் இந்தச் சாலையில் நாம் அடுக்குமாடிகளில் வந்து சேர்ந்தோம், நமக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். நம் காலை நேரம் சரியாக ஓடுவதே அந்தப் பெயர்ப்பினால்தான். ஆனால் குரூப்பில் ஒரு கம்மல் காணாமல் போனால் முதலில் வரும் கேள்வி, "அந்த அம்மா கண்ணகி நகரா?" ஊர்ப்பெயரே ஒரு கறையாகிவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற நம் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். அந்தச் செய்தியை இதே குரூப்பில் எல்லோரும் கைதட்டல் பொம்மை போட்டுப் பகிர்ந்தோம். அவருடைய தெருவிலிருந்து வருபவர்களுக்குத்தான் இந்த அறிவிப்பு.

வெபர் சொன்ன இன்னொன்று: சீசரைப் புரிந்துகொள்ள நாம் சீசராக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்யும் காரியத்துக்கு அவர் பக்கத்தில் என்ன பொருள் என்று தேடினால் போதும். நம் குரூப்பில் நிரந்தரப் புகார் ஒன்று இருக்கிறதே, "சொல்லாமல் லீவு போடுகிறார்கள், போனை ஆஃப் பண்ணிவிடுகிறார்கள்". அதைக் கொஞ்சம் அந்தப் பக்கமிருந்து பாருங்கள். முன்னாடியே சொல்லிக் கேட்டால் என்ன நடக்கும்? "இந்த வாரம் முடியாது, கெஸ்ட் வராங்க" என்போம். கேட்டு மறுக்கப்பட்டு, அதன் பிறகு லீவு போட்டால் அது மீறல். கேட்காமல் போட்டால் ஒரு திட்டோடு முடியும். வார விடுமுறை என்று எதுவும் எழுத்தில் இல்லாதபோது, போனை அணைப்பதுதான் அவர் கையிலிருக்கும் ஒரே லீவு விண்ணப்பம். "எப்போ பார்த்தாலும் அட்வான்ஸ்" என்பதும் அப்படியே. அந்த முகவரிக்கு எளிதில் கடன் கிடைப்பதில்லை. கந்துக்காரரிடம் போவதைவிட நம்மிடம் கேட்பது மேல். மகளிர் பஸ் பயணம் இலவசம், மாதம் ஆயிரம் உரிமைத்தொகை என்று வந்ததும் "இனி யார் வேலைக்கு வருவா" என்று இங்கே சிலர் புலம்பினார்கள். அந்த இலவச பஸ்ஸில் ஏறித்தான் அவர் ஏழு மணிக்கு நம் கேட்டுக்கு வருகிறார்.

எங்கே குடியிருக்கிறோமோ அங்கிருந்து தெரிவதைத்தான் நாம் பார்க்கிறோம் என்பது படித்தவர்களுக்கும் பொருந்தும். 1960களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் என்ற இந்தியச் சமூகவியலாளர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சாதியும் வர்க்கமும் அதிகாரமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய வந்தார். அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் தங்கினார். மற்றத் தெருக்காரர்களுக்கு அவர் வடக்கிலிருந்து வந்த இன்னொரு பிராமணராகவே பட்டார், அதனால் சேரிக்குள் அவரால் இயல்பாகப் புழங்க முடியவில்லை. அதை அவர் மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஆராயவே வந்தவருக்கு அந்தக் கதி என்றால், ஆப்பில் என்ட்ரி பார்க்கும் நமக்கு என்ன தெரியும்?

சட்டம் உங்கள் பக்கமா என் பக்கமா என்று வாதாட வரவில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. இரண்டைப் பற்றியும் நம் நோட்டீஸ் போர்டில் ஒரு வரி கிடையாது. பிரேசிலில் நம்மைப் போலவே வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் வைக்கும் பழக்கம் ஊறிப்போன சாவோ பாவ்லோ நகரம், லிஃப்டில் ஏறுவதில் நிறம், பிறப்பு, சமூக நிலை பார்த்துப் பாகுபாடு காட்டினால் அபராதம் என்று 1996இலேயே சட்டம் போட்டது. அங்கும் அபராதம்தான், ஆனால் விரட்டுகிறவருக்கு.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. மூட்டை, சிலிண்டர், ஃபர்னிச்சர், குப்பை இவை சர்வீஸ் லிஃப்டில் போகட்டும், யார் தூக்கினாலும். கையில் சுமை இல்லாத மனிதர் எந்த லிஃப்டிலும் ஏறட்டும். தரைத்தளத்தில் டிரைவர்களுக்கு இருக்கும் கழிவறை ஆண்களுக்கானது. பெண்களுக்கு ஒன்று திறந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர் விடுங்கள். இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே அரை மணி நேரம் கிடைத்தால் அவர்கள் படிக்கட்டில் உட்கார்கிறார்கள். அதற்கும் உங்கள் அலுவலகம் ஆட்சேபம் சொல்கிறது. பார்க் பெஞ்சில் உட்காரலாம் என்று எழுதி ஒட்டுங்கள். வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வதை நிறுத்துங்கள், அல்லது நம் எல்லோர் பையையும் திறக்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பதை நீங்கள் வீடுகளுக்கு உத்தரவிட முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் பரிந்துரையாகச் சுற்றறிக்கையில் போடலாம். லிஃப்ட் பற்றிப் போட முடிந்ததல்லவா?

இதையெல்லாம் முடிவெடுக்கும்போது வேலைக்கு வருபவர்களில் சிலரை அழைத்துக் கேளுங்கள். அலுவலகத்துக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு. அவர்கள் நிற்க நீங்கள் உட்கார்ந்து கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்" என்றுதான் பதில் வரும். அதை மினிட்ஸில் ஏற்றிவிடாதீர்கள்.

வாடகைக்காரன் என்பதால் பொதுக்குழுவில் என்னால் தீர்மானம் கொண்டுவர முடியாது. இ பிளாக்கில் ஓனர் ஒருவர் முன்மொழிய ஒப்புக்கொண்டிருக்கிறார். வழிமொழிய இன்னொரு ஓனர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் நோட்டீஸ் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். செயலாளர் அவர்களே, இந்த முறை நோட் பண்ணிக்கொள்வதோடு நிறுத்தாமல் அஜெண்டாவில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக் வாடகைக்காரர் ஒருவர்